பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் ஒரு கடலோர மாளிகை: தெரியுமா?

ஒரு முழு நகரத்தையே வரைந்துகொண்டிருந்த கட்டடக்கலைஞர், அதே நாட்களில் தனக்கென்று கடலோரத்தில் கட்டிக்கொண்ட விடுமுறை வீட்டின் அளவு என்ன தெரியுமா? நீளம் 3.66 மீட்டர், அகலம் 3.66 மீட்டர். நம் ஊர்க் கொத்தனார் கணக்கில் 12-க்கு 12. அவ்வளவுதான். ஹால் கிடையாது, சமையலறை கிடையாது, மாடி கிடையாது. கார் நிறுத்த இடம்கூடக் கிடையாது, ஏனென்றால் வாசல் வரை சாலையே கிடையாது!

கட்டியவர் லெ கொர்பூசியே. அவர் அப்போது வரைந்துகொண்டிருந்த நகரம் நம் பஞ்சாபுக்குத் தலைநகரமாக எழுந்த சண்டிகர். வீடு இருக்கும் இடம் பிரான்சின் தென்கோடி, மத்தியதரைக் கடலோரம், ரோக்புரூன்-காப்-மார்த்தன் என்ற ஊர். எதிரே விரிகுடாவின் அந்தப் பக்கம் மொனாக்கோ தெரியும். கோடீசுவரர்கள் மாளிகைக்கு மேல் மாளிகை கட்டும் கடற்கரை அது. அங்கேதான் இந்த மரப்பெட்டி! இதன் பெயர் கபனோன். மீனவர்களும் விவசாயிகளும் போட்டுக்கொள்ளும் குடிசைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

இதை வரைய எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள்? முக்கால் மணி நேரம்! 1951 டிசம்பர் 30 அன்று, கடலோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேசை மூலையில் உட்கார்ந்து, மனைவி இவோனுக்குப் பிறந்தநாள் பரிசாக 45 நிமிடத்தில் வரைந்தேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே வீடு எழுந்துவிட்டது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பின்னால் பல வருட யோசனை இருந்தது என்பதை அவர் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

அது என்ன யோசனை? மனித உடலையே அளவுகோலாக வைத்து 1940-களில் அவர் உருவாக்கிய 'மோதுலோர்' என்ற அளவு முறை. நிற்கும் மனிதன் 183 சென்டிமீட்டர். அவன் கையை மேலே தூக்கினால் விரல் நுனி வரை 226. கபனோனின் உட்கூரை உயரம் என்ன தெரியுமா? அதே 226 சென்டிமீட்டர்! அதாவது ஏழு அடி ஐந்து அங்குலம். நம் வீடுகளில் லாஃப்ட் போடுவதே கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான். கையைத் தூக்கினால் கூரை தொடும். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு எதற்கு என்பது அவருடைய கணக்கு.

அந்த 183 எங்கிருந்து வந்தது என்பது இன்னும் வேடிக்கை. முதலில் அவர் எடுத்துக்கொண்டது 175 சென்டிமீட்டர் மனிதனைத்தான். எண்கள் சரியாக வந்து உட்காரவில்லை. அப்போது அவருடைய உதவியாளர் ஒருவர், இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களில் வரும் போலீஸ்காரர் மாதிரி அழகான ஆண்கள் எல்லாம் ஆறு அடி உயரம்தானே என்று எடுத்துக் கொடுத்தாராம். ஆறு அடி என்றால் 183 சென்டிமீட்டர். கணக்கு பொருந்திவிட்டது! சண்டிகரின் கட்டடங்களிலும் இதே அளவு முறைதான் ஓடுகிறது. துப்பறியும் நாவலில் வரும் போலீஸ்காரரின் உயரத்தில் நம் நாட்டில் ஒரு தலைநகரம்!

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? கட்டில். சுவரோடு சேர்ந்த மேசை. உட்கார மரப்பெட்டிகள். கரை ஒதுங்கிய விஸ்கிப் பெட்டி ஒன்றைப் பார்த்துத்தான் அந்தப் பெட்டி வடிவம் அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். இன்று அதே பெட்டியை இத்தாலிய நிறுவனம் ஒன்று வடிவமைப்புப் பொருளாக விற்கிறது! கை கழுவ ஒரு தொட்டி. ஒரு மூலையில் கழிப்பறை. அதற்குக் கதவு? கிடையாது. ஒரு திரைச்சீலை மட்டும்! பிறந்தநாள் பரிசு வாங்கிய இவோன் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை உங்கள் வீட்டு அம்மணியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னல்கள் சிறியவை, முக்கால் மீட்டருக்கும் குறைவு. கடலைப் பார்க்கக் கட்டிய வீட்டில் இவ்வளவு சின்ன ஜன்னலா? அங்கேதான் வித்தை. ஜன்னல் கதவின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கிறார். கதவை மடக்கித் திறந்தால், கடலும் மரமும் அந்தக் கண்ணாடியில் பட்டு அறைக்குள் வந்துவிடும். ஜன்னல் ஒன்று, காட்சி இரண்டு! வெளியே பட்டை உரிக்காத பைன் மரத்துண்டுகள், காட்டுக் குடிசை மாதிரி. உள்ளே சுத்தமான ஒட்டுப்பலகை, மஞ்சள் தரை, கூரையில் வண்ணப் பலகைகள். 'மினிமலிசம்' என்றாலே வெள்ளைச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது ஒரு வகை மட்டும்தான். இங்கே குறைத்தது பொருளை, நிறத்தை அல்ல.

வீடு அங்கே கட்டப்படவே இல்லை என்பது தெரியுமா? கடலுக்கு நடுவே இருக்கும் கோர்சிகா தீவில், நெப்போலியன் பிறந்த அஜாக்சியோவில், சார்ல் பார்பெரிஸ் என்ற தச்சரின் பட்டறையில் தயாரானது. துண்டு துண்டாகக் கழற்றி, கப்பலில் ஏற்றி, ரயிலில் கொண்டுவந்து, குன்றின் சரிவில் பூட்டினார்கள். இன்றைக்கு 'ப்ரீஃபேப்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது எழுபது வருடத்துக்கு முன்பே நடந்த கதை.

இப்போது முக்கியமான கேள்வி. சமையலறை இல்லாமல் சாப்பிட்டது எப்படி? பக்கத்துச் சுவரில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்தால் 'எத்துவால் தெ மெர்' என்ற சாப்பாட்டுக் கடை! நீஸ் நகரத்து பிளம்பர் தொமாஸ் ரெபுத்தாத்தோ 1949-இல் தொடங்கியது. கபனோன் அந்தக் கடையோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறது. நிலமும் ரெபுத்தாத்தோவுடையது. பதிலுக்கு லெ கொர்பூசியே என்ன கொடுத்தார்? அதே நிலத்தில், வாடகைக்கு விட்டுப் பிழைக்க, ஐந்து சின்னஞ்சிறு விடுதி அறைகளை 1957-இல் வடிவமைத்துக் கொடுத்தார். மேசை மூலையில் வரைந்த பெட்டிக்கு நிலத்தின் விலையாக ஐந்து பெட்டிகள்! குளிப்பது வெளியே, குழாயடியில். வேலை செய்ய இடம் போதாமல் 1954-இல் சற்றுத் தள்ளி, கட்டட வேலைக்காரர்கள் போடும் கொட்டகை போல ஒன்றை நிறுத்திக்கொண்டார்.

இங்கே என் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 12-க்கு 12 வீடு என்று உலகமே புகழ்கிறது. ஆனால் சமையல் பக்கத்து வீட்டில், குளியல் வெளியில், அலுவலகம் கொட்டகையில்! குறைத்த பொருள் எதுவும் மாயமாகிவிடுவதில்லை, வேறு யாரோ சுமக்கிறார்கள். கபனோனின் சுமையை ரெபுத்தாத்தோ குடும்பத்து அடுப்பு சுமந்தது. அதனால் கபனோனின் அழகு குறையவில்லை. ஆனால் "நானும் இப்படி ஒன்று கட்டுகிறேன்" என்று கிளம்புகிறவர்கள் முதலில் நல்ல சாப்பாட்டுக் கடை ஒன்றின் பக்கத்துச் சுவரைப் பிடிக்க வேண்டும்.

இதைவிட ஆச்சரியம் அந்தக் கடைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கபனோன் வருவதற்கு இருபது வருடம் முன்பே அதே பாறைச் சரிவில் ஒரு வெள்ளை வீடு நின்றுகொண்டிருந்தது. பெயர் ஈ.1027. வீட்டுக்கு ராக்கெட் மாதிரி இது என்ன பெயர்? அது ஒரு சங்கேதம்! ஈ என்பது ஐலீன் என்ற பெயரின் முதல் எழுத்து. ஆங்கில நெடுங்கணக்கில் 10-ஆவது எழுத்தும் 2-ஆவது எழுத்தும் ழான் பதோவிச்சியின் முதலெழுத்துகள். 7-ஆவது எழுத்து கிரே என்பதன் முதலெழுத்து. ஐலீன் கிரே தன் பெயரின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நண்பரின் இரண்டு எழுத்துகளைப் பொத்தி வைத்துவிட்டார்!

ஐலீன் கிரே 1878-இல் அயர்லாந்தில் பிறந்தவர். பாரிசில் ஜப்பானியக் கைவினைஞர் ஒருவரிடம் அரக்குப் பூச்சு வேலை கற்று, மடிப்புத் திரைகளும் நாற்காலிகளும் செய்து பெயர் வாங்கியவர். கட்டடக்கலைக் கல்லூரிப் பக்கம் போனதே இல்லை. 1926-இல் இந்த வீட்டைத் தொடங்கும்போது அவருக்கு வயது 48. அதுதான் அவருடைய முதல் வீடு! ருமேனியாவிலிருந்து வந்த பதோவிச்சி ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையின் ஆசிரியர். அவருக்காகத்தான் கட்டினார். சாலை இல்லாததால் சாமான்கள் தள்ளுவண்டியில் வந்தன. 1929-இல் வேலை முடிந்தது.

உள்ளே போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு தெரியுமா! மேசைப் பலகைமேல் கார்க் ஒட்டியிருக்கிறார், எதற்கு? கோப்பையும் கரண்டியும் வைக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று. படுக்கை விரிப்புகளுக்கு வண்ணம் கொடுத்தார், எதற்கு? காலையில் விரிப்பை மடிக்காமல் போட்டுவிட்டாலும் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரியக்கூடாது என்று. ஜன்னல் தட்டிகளைத் தள்ளி நகர்த்தலாம், வெயில் வராது, காற்று வரும். பால்கனிக் கைப்பிடியில் கப்பல் மாதிரி பாய்த்துணி, குளிர்காலத்தில் கழற்றிவிட்டால் கால்மேல் வெயில் விழும். அலமாரிகளிலும் சுவர்களிலும் எழுத்து அச்சுகளால் குறிப்புகள்: வாசலில் "மெதுவாக நுழையுங்கள்" என்றுகூட ஒன்று உண்டு. சமையலறைக்கு வெளியிலிருந்து தனிவழி, அந்தப் பகுதி விவசாயிகள் வெயில் காலத்தில் வெளியில் சமைப்பதைப் பார்த்துச் செய்தது.

அந்த வீட்டுக்காகச் செய்த வட்ட மேசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது இது என்று தெரியாமலே! குரோம் குழாய் வளையம் ஒன்று கீழே, கண்ணாடி வட்டம் ஒன்று மேலே, உயரத்தை ஏற்றி இறக்கலாம். கீழ் வளையம் ஒரு பக்கம் திறந்திருப்பதால் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடும், மேல்வட்டம் படுக்கைமேல் வந்து நிற்கும். கட்டிலிலேயே காலை உணவு சாப்பிடும் சகோதரி ரொட்டித் துகளைச் சிந்தக்கூடாது என்று யோசித்ததாம். இன்று அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகல்களோ உலகம் முழுக்க ஓட்டல் வரவேற்பறைகளில்! கிரேயின் பழைய நாற்காலி ஒன்று, கைப்பிடிகள் டிராகன் வடிவில் இருப்பது, 2009-இல் பாரிஸ் ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 2 கோடியே 19 லட்சம் யூரோ! ஒரு நாற்காலி!

ஆனால் இந்த வீட்டின் கதை இனிமேல்தான் சூடு பிடிக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் கிரே வீட்டைப் பதோவிச்சியிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். பதோவிச்சியின் நண்பர் லெ கொர்பூசியே விருந்தாளியாக வந்து போனார். 1938-39இல் அவர் என்ன செய்தார்? கிரே வெறுமையாக விட்டிருந்த சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைந்து தள்ளினார்! கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்த மேனியாக நின்று வரைந்துகொண்டிருக்கும் புகைப்படம்கூட இருக்கிறது! அந்தப் படத்தில் தொடையில் பெரிய தழும்பு தெரியும். 1938-இல் கடலில் நீந்தும்போது மோட்டார் படகின் சுழலி கிழித்த தழும்பு அது.

கிரே கொதித்துப்போனார், நாசவேலை என்றார். நான் அவர் கட்சிதான். வெற்றுச் சுவர் என்பது யாரும் இன்னும் எதுவும் போடாத இடம் அல்ல, போட வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்த இடம். அது புரியாதவரா லெ கொர்பூசியே? புரிந்துதான் செய்தார் என்பவர்களும் உண்டு, பொறாமை என்பவர்களும் உண்டு. ஆனால் ஒன்று: அந்த வீட்டை விட்டு அவரால் விலகவே முடியவில்லை. அதற்கு நேர்மேலே, அதைப் பார்த்தபடி, கபனோனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இரண்டாம் உலகப் போரில் படைவீரர்கள் இந்தச் சுவர்களைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்துக்கொண்டார்கள்! பிறகு வீடு கைமாறியது. 1996-இல் அப்போதைய உரிமையாளர் அந்த வீட்டுக்குள்ளேயே கொலை செய்யப்பட்டார். யார் யாரோ புகுந்து தங்கினார்கள், ஜன்னல்கள் உடைந்தன. 1999-இல் பிரான்சின் கடற்கரைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. வருடக்கணக்கில் செப்பனிட்டு, 2015-இல் பார்வையாளருக்குத் திறந்தார்கள், அதற்குப் பிறகும் வேலை ஓயாமல் 2021 வரை போனது. பழுது பார்த்தவர்களுக்கு வந்த சங்கடத்தைப் பாருங்கள்: லெ கொர்பூசியேயின் ஓவியங்களை அழிப்பதா, விடுவதா? அழித்தால் கிரேயின் சுவர் திரும்பும், ஆனால் உலகப் புகழ் ஓவியம் போகும். ஓவியங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

லெ கொர்பூசியே என்ன ஆனார்? 1965 ஆகஸ்ட் 27, வயது 77. வழக்கம் போலக் கபனோனிலிருந்து இறங்கிக் கடலில் நீந்தப் போனார், உயிரோடு திரும்பவில்லை. மனைவிக்காக அவரே வடிவமைத்த கல்லறை ஊரின் மேட்டில் இருக்கிறது, அவரும் அங்கேதான். 2016-இல் அவருடைய 17 கட்டடங்களை ஏழு நாடுகளிலிருந்து பொறுக்கி யுனெஸ்கோ ஒரே பட்டியலில் சேர்த்தது. சண்டிகரின் கேப்பிட்டல் வளாகமும் அதில் உண்டு, இந்த 12-க்கு 12 மரப்பெட்டியும் அதில் உண்டு!

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு தொழில் ரகசியம். அலங்காரம் இல்லாத வீடு கட்ட மலிவு என்று நினைக்கிறீர்களா? தலைகீழ்! தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஸ்கர்ட்டிங் ஒட்டுகிறோமே, அது துடைப்பத் தண்ணீரைத் தடுக்க மட்டுமா? கொத்தனாரின் கோணலை மறைக்கவும்தான். கதவைச் சுற்றி ஓடும் சட்டம், கூரை ஓரத்து வளைவு வேலை எல்லாமே இரண்டு பொருள் சேரும் இடத்து இடைவெளியை மூடும் போர்வைகள். அவற்றை எடுத்துவிட்டால் ஒவ்வொரு மூட்டும் நூல் பிசகாமல் வர வேண்டும். சாதாரண வீட்டில் ஒரு கோணல் புட்டியில் மறையும், வெறும் சுவரில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அதே கோணல் நிழல் போட்டுக் காட்டிக் கொடுக்கும்.

அதுவும் கடலோரம் என்றால்? உப்பு! கடல் காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பிடிக்கும். துருவின் கன அளவு இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை! உள்ளே இடமில்லாமல் அது கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அதனால்தான் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. சாதாரண இடத்தில் 20 போதும். கடல் நீர்த்துளி நேராகத் தெறிக்கும் இடம் என்றால் 50! இப்போது பாருங்கள் மோதலை: மினிமலிஸ்ட் கட்டடக்கலைஞருக்குக் கூரைத் தட்டு தாள் போல மெலிசாக வேண்டும், உப்புக்குத் தடிப்பாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டுகிறவர்கள் மெலிசான சன்ஷேடு வேண்டும் என்று கேட்கும் முன் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பது நல்லது. கைப்பிடிக் கம்பியிலும் இதே கதை. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடலோரத்தில் பழுப்புக் கறை வாங்கும். மாலிப்டினம் சேர்த்த 316 ரகம்தான் உப்போடு மல்லுக்கட்டும்.

கடலோரத்தில் சுவருக்குக் கான்கிரீட்டே வேண்டாம், கல்லையே அடுக்குகிறேன் என்று கிளம்பியவர் கதை தெரியுமா? சிட்னி ஓப்பரா ஹவுஸ் தெரியாதவர் யார்! அதை வடிவமைத்த டென்மார்க்காரர் யோர்ன் உட்சன், அரசாங்கத்தோடு சண்டை முற்றி 1966-இல் பாதியில் வேலையை விட்டு ஆஸ்திரேலியாவை விட்டே போய்விட்டார். கட்டடம் 1973-இல் திறக்கப்பட்டது. 2008-இல் இறக்கும் வரை அவர் அதை நேரில் பார்க்கவே இல்லை! அந்தக் காயத்தோடு அவர் ஒதுங்கிய இடம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவு. அங்கே போர்ட்டோபெட்ரோ பக்கத்துக் கடல் பாறை விளிம்பில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு வீடு கட்டினார். மனைவி பெயரால் கான் லிஸ்.

ஓப்பரா ஹவுஸின் அந்தப் பறக்கும் கூரைகளை வரைந்த கை, இங்கே உள்ளூர் மணற்கல்லைச் செங்கல் போல அடுக்கியிருக்கிறது. தீவில் மாட்டுக்கொட்டகைக்கும் வேலிச் சுவருக்கும் போடும் 'மரேஸ்' என்ற மஞ்சள் கல். அறுவை வட்டம் ஓடிய கோடுகள்கூட அப்படியே, பூச்சே கிடையாது! ஒரே வீடாகக் கட்டாமல் நான்கு தனித்தனிக் கட்டடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடலைப் பார்க்கும் கோணத்தில் கொஞ்சம் கொஞ்சம் திருப்பினார். வடிவத்தைச் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கித்தான் யோசித்தார் என்றொரு கதையும் உண்டு. ஜன்னல்களில் உட்கார்ந்து பார்த்தால் சட்டமே தெரியாது. எப்படி? சட்டத்தைச் சுவரின் வெளிப்பக்கத்தில் பொருத்திவிட்டார்! உள்ளேயிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குக் கல், அதற்கப்புறம் கடல், நடுவில் ஒன்றுமில்லை. வரவேற்பறையில் உயரத்தில் சின்னதாக ஒரு துளை. பிற்பகலில் சிறிது நேரம் மட்டும் சூரியக் கீற்று அதன் வழியே வந்து சுவரைத் தடவிவிட்டுப் போகும்.

இவ்வளவும் செய்தவர் கடைசியில் அந்த வீட்டை விட்டே போனார். கடலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணை உறுத்தியது. வீட்டைப் பார்க்கக் கட்டடக்கலை மாணவர்கள் வந்து மொய்த்ததும் தாங்கவில்லை. 1990-களில் தீவின் உள்பக்கம், மலையோரத்தில், கான் ஃபெலிஸ் என்று இன்னொன்று கட்டிக் குடிபோனார். கடல் பார்க்கும் வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்தக் கண்கூச்சத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்!

இத்தாலியின் காப்ரி தீவில் கதை வேறு மாதிரி. எழுத்தாளர் கூர்த்ஸியோ மலபார்த்தே 1938-இல் தொடங்கிய சிவப்பு வீடு, பாறை முனையில் ஒற்றைச் செங்கல் போலக் கிடக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறும் படிகள் போகப் போக அகலமாகும், மாடியில் கைப்பிடிச் சுவரே இல்லை! உள்ளே கணப்பின் பின்பக்கம் கண்ணாடி, அதனால் தீச்சுவாலை வழியே கடல் தெரியும். 1963-இல் வந்த திரைப்பட இயக்குநர் கோடாரின் படத்தில் அந்த மாடியையும் படியையும் பார்க்கலாம். மலபார்த்தே தன் உயிலில் அந்த வீட்டை யாருக்கு எழுதினார் தெரியுமா? சீன மக்கள் குடியரசுக்கு! குடும்பத்தார் வழக்காடி மீட்டார்கள்.

கலிபோர்னியாவின் சீ ரேஞ்ச் கடற்கரையில் 1965-இல் எழுந்த விடுமுறை வீடுகளுக்கு இறவாரமே கிடையாது. வடமேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்று இறவாரத்தில் சிக்கிச் சீறும் என்பதால் சுவரோடு சுவராகக் கூரையை நறுக்கிவிட்டார்கள். பெயின்ட்டும் கிடையாது, ரெட்வுட் மரத்தைக் காற்றும் உப்பும் சாம்பல் நிறமாக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அங்கே இறவாரமே இல்லை. இங்கே, நமக்குப் பக்கத்தில், இறவாரம் மட்டுமே இருக்கும் வீடு ஒன்று உண்டு! இலங்கையின் தென்கரை, மிரிஸ்ஸ, வெலிகம விரிகுடாவைப் பார்க்கும் செம்மண் மேடு. முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் பேரனுக்காக இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1997-98இல் கட்டிய விடுமுறை வீடு. மெல்லிய எஃகுத் தூண்கள், அவற்றின்மேல் ஒரு தட்டைக் கூரை. கூடத்துக்குச் சுவர்? இல்லை! தென்னைகளும் கடலும் தூண்களுக்கு நடுவே அப்படியே தெரியும், படுக்கையறைகளைக் கீழே பதுக்கிவிட்டார். பருவமழையும் உச்சி வெயிலும் இருக்கிற ஊரில் மனிதனுக்கு முதலில் வேண்டியது கூரை, சுவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்த வீட்டின் கணக்கு. சரியான கணக்கு. கபனோனையும் கான் லிஸ்ஸையும் அப்படியே பெயர்த்து நம் கரையில் வைத்தால் மே மாதத்தில் யாரும் உள்ளே இருக்க முடியாது. இந்த வீட்டில் இருக்கலாம். 1998-இல் பாவாவுக்குப் பக்கவாதம் வந்தது, எழுந்து வேலை செய்ய முடியாமல் போனது. வாழ்நாள் முழுக்க ஓடும் முற்றமும் குளமும் சிற்பமுமாகக் கட்டியவர், கடைசி வேலைகளில் ஒன்றில் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கூரையை மட்டும் வைத்துக்கொண்டார்!

மிரிஸ்ஸ வீடு தனியார் சொத்து. கபனோனுக்கும் ஈ.1027-க்கும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடுதான் போக முடியும், விசாச் செலவு தனி. ஆனால் பாவா தமிழ்நாட்டிலும் கட்டியிருக்கிறார், தெரியுமா? 1970-களில் மதுரா கோட்ஸ் ஆலைக்காரர்களுக்காக அவர் கட்டிய மதுரை கிளப், இன்று மதுரையின் ஒரு ஓட்டல் வளாகத்துக்குள் இருக்கிறது. அடுத்த முறை மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு நேரமிருந்தால் அங்கே போய் ஒரு காபி சாப்பிடுங்கள், சாப்பிடும்போது கூரையை அண்ணாந்து பாருங்கள்.